நேராக வெட்டிய மாத்திரை அட்டை

மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டுவதில் எனக்கு நிகரானவர் செஞ்சியில் எவருமிலர். முப்பத்தாறு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவனுக்கு எஞ்சிய பெருமை இஃதொன்றே.

என் மனைவி லட்சுமியம்மாளுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வரும். மருத்துவர் ஏழு நாளுக்கு மாத்திரை எழுதுவார். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டவுடன் நான் நிறுத்திவிடுவேன். செஞ்சி வெயிலுக்கு மேல் மாத்திரைச் சூடும் வேண்டுமா? மீதியை வெட்டி, அடுத்த முறைக்கென்று பிஸ்கட் டப்பாவில் வைப்பேன்.

"டாக்டரு ஏழு நாளுன்னாரேங்க" என்பாள்.

"டாக்டருக்கு உன் உடம்பப் பத்தி இன்னா தெரியும்? நாப்பது வருசமா பாக்குறவன் நானு."

தலையாட்டுவாள். என்னிடம் மறுகேள்வி கேளாத ஒரே மாணவி.

இவ்வாறு ஐந்து முறை. ஆறாம் முறை எந்த மருந்துக்கும் காய்ச்சல் அடங்கவில்லை. பெரிய மருத்துவமனையில் ஒன்பதாம் நாள் இறந்தாள்.

எதிர்வீட்டு மங்கையின் மகள் நிலா சென்னையில் ஆய்வு மாணவி. லட்சுமியம்மாளின் குருதியிலிருந்த கிருமியை என் ஒப்புதலோடு பெற்று, அதன் நொதியொன்றைப் படிகமாக்கி, எக்ஸ்ரே கதிரால் வடிவத்தைக் கண்டறிந்தாள். சென்ற மாதம் அதை மடிக்கணினியில் எனக்குக் காட்டினாள். எங்கள் கோட்டை மலையாம் ராஜகிரியின் பாறைகளைக் குவித்தாற்போலிருந்தது. நடுவே ஒரு பிளவு.

"இந்த எடத்துல ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிடுச்சு சார். அதான் பொந்து அகலமாயிடுச்சு. மருந்து உள்ள வந்தா வெட்டிப்புடுது."

"நேரா வெட்டுதாம்மா?"

அவள் சிரிக்கவில்லை. "மருந்த அரகொறயா நிறுத்துனா இதுமாரி கிருமிதான் சார் பொழச்சி வளரும். அவங்க முழுசா சாப்ட்டாங்களா?"

"குடுத்தது யாரு, நான் இல்லையா?"

அது பொய்யன்று, வினாவிற்கு வினாவையே விடையாகத் தருவதை இலக்கணம் ஏற்கிறது. நிலா 'முழுமையாக உட்கொண்டவர்' என்று குறித்துக்கொண்டாள்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன்: லட்சுமியம்மாளைக் கொன்றவன் நானே. அந்நொதி என்னிடம் வெட்டப் பயின்று, ஆசிரியனையே மிஞ்சிய மாணவன்.

நேற்று மங்கை வந்தார். "நீர்க்கடுப்பு சார், காச்சலும் அடிக்குது. டப்பால இன்னாவாச்சும் இருக்குதா? நிலாகிட்ட சொன்னா டென்சன் ஆயிடுவா."

செய்த பிழையையே மீண்டும் செய்ய நானென்ன மூடனா? லட்சுமியம்மாளுக்கு இரண்டு நாளுக்கு வெட்டினேன். மங்கைக்கு மூன்று நாளுக்கு வெட்டிக் கொடுத்தேன்.