பேட்டு யாரோடது

ராமநாதபுரத்திலிருந்து நயினார்கோவில் போகிற பஸ். முன் சீட்டில் இரண்டு பேர், பேச்சில் மச்சானும் மாப்பிள்ளையும். மச்சானின் மடியில் புதுசாக கிரிப் போட்ட கிரிக்கெட் பேட். முந்தின நாள்தான் இந்தியா டெஸ்டில் தோற்றிருந்தது. கேட்க வேண்டாமென்றாலும் கேட்கிற குரல் மச்சானுக்கு.

“ஓப்பனிங் எறங்குனவன் ரெண்டு இன்னிங்ஸ்லயும் ஒரே மாதிரி அவுட்டு மாப்ள. வெளிய போற பந்துக்கு பேட்ட நீட்டி கீப்பர்ட்ட கேட்ச்சு.”

“ஆமா மச்சான்.”

“கடைசியா வந்த பௌலர் நின்ன நேரம்கூட இவன் நிக்கல. இன்னும் எதுக்கு டீம்ல வச்சிருக்காய்ங்க?”

மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

“பேட்டு அவனோடதா இருக்கும்.”

“என்ன பேச்சு இது? அங்கன ஆளுக்கு நாலு பேட்டு வச்சிருப்பாய்ங்க.”

“அங்கன சரி. நம்ம ஊரு டீம்ல இருக்கறது ஒரே பேட்டு, அது உங்களோடது. அதுக்காகத்தான் உங்கள ஓப்பனிங் எறக்குறோம்.”

மச்சான் மடியிலிருந்த பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவர்கள் ஊர் வந்தது. மாப்பிள்ளைக்கு நயினார்கோவிலில் ஏதோ வேலை போல. மச்சான் மட்டும் எழுந்து, பேட்டை அவர் மடியில் வைத்தார்.

“ஞாயித்துக்கெழம மேட்சுக்கு நீயே கொண்டு வா. நான் எட்டாவதா எறங்குறேன்.”

இறங்கியவர் போகவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஆறாவதுன்னாலும் சரி மாப்ள.”

பஸ் நகர்ந்தது. கம்பியை விடாமல் கூடவே நடந்தார்.

“மூணாவது எறங்க ஆளு இருக்கா?”