லாபு தோட்டத்தில் சுடப்பட்டவர்

அந்த அக்காவும் தம்பியும் ஒரு கொலைக்குப் பழிவாங்கப் போகிறார்கள் என்று முழுசாக நம்பிவிட்டேன். சிரம்பான் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இருந்த வயதான மனிதர் பக்கத்திலிருந்த அம்மாளிடம், "அப்பாவ சுட்டவன் கெடச்சிட்டான்க்கா" என்றார். எனக்குச் சாட்சி சொல்லும் தைரியமெல்லாம் கிடையாது. வழியில் வரும் மம்பாவிலேயே இறங்கிவிடலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டேன்.

தம்பிக்காரர் கைப்பேசியை நீட்டினார். "லாபு ரப்பர் தோட்டத்துல வெள்ளைக்காரங்க எடுத்த அந்தப் பழைய சினிமா படம். தொப்பிக்காரன் சுடுறான் பாரு."

"அந்த ஓட்டம் அப்பாவேதான்! முன்னால வசனம் பேசுறது யாருடா, நம்மாளா?"

"வெள்ளைக்காரன்தான்க்கா. கரி பூசியிருக்கான்."

"தோட்டம் பூரா கறுப்பா நாம இருக்கையில அவனுக்கு எதுக்குடா கரி?"

"பேசுற வேஷம் அவங்களுக்குத்தான்லா. நமக்குச் சாகுற வேஷம்."

"வீட்டுல அப்பா போட்டோ ஒண்ணுகூட இல்ல. மொகம் தெரியற எடத்துல நிறுத்துடா."

"குப்புற விழுறாரேக்கா."

"திரும்பப் போடு."

நான் மம்பாவில் இறங்கவில்லை. சிரம்பான் வரும்வரை அவர்களுடைய அப்பா எழுந்து எழுந்து ஓடினார், சுடப்பட்டார், விழுந்தார். ஒரு தடவையும் முகம் தெரியவில்லை.