கண்டனத்தையும் புகழ்ச்சியாக எண்ணிய கையேடு

பேச நேரம் ஒதுக்கித் தந்துவிட்டு, தாமும் பொறுமையோடு அமர்ந்திருக்கும் அவைத் தலைவரும் கையேட்டுக் குழுவின் தலைவருமான பெரிய டாக்டர் அவர்களே! இந்த நூலைத் தொகுத்த அறிஞர் பெருமக்களே! வயதால் மூத்து அனுபவத்தால் பழுத்த பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் கவலையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! பணி முடிந்த களைப்போடும் பணிக்குப் போகும் பரபரப்போடும் சுவரோரம் நிற்கும் செவிலியச் சகோதரிகளே! நாற்காலி கிடைக்காமல் படிக்கட்டைப் பிடித்துக்கொண்ட என் கிடங்குத் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் ஒரு மருந்து மொத்த வியாபாரியின் பணிவான வணக்கம்.

பச்சிளங் குழந்தைக்கு எந்த மருந்தை எந்த அளவில் கொடுப்பது என்று சொல்லும் கையேட்டின் புதிய பதிப்பு இன்று வெளியாகிறது. தலைவர் வெளியிட, முதல் பிரதியை நான் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. மற்றப் பிரதிகளை மருத்துவமனைதோறும் கொண்டு சேர்ப்பதும் என் வண்டிகள்தாம். பெருமையான வேலை, பிள்ளைகளைக் காக்கும் வேலை என்றுதான் இன்று காலைவரை நினைத்திருந்தேன். காலையில் புத்தகக் கட்டு கிடங்குக்கு வந்தது. ஒன்றைப் பிரித்தேன். காய்ச்சல் ஊசிக்கான பக்கத்தைத் திருப்பினேன். மறுபடி கட்டி வைத்துவிட்டேன்.

ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் வண்டி ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். வளைவில்கூட வேகத்தைக் குறைக்காத மனிதர் என்பதால் கிடங்கில் எல்லோரும் அவரை 'ராக்கெட்' என்றே கூப்பிடுவார்கள். (சிரிக்காதீர்கள், அவரும் வந்திருக்கிறார்.) அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த வாரமே கடும் காய்ச்சல். மருத்துவமனையில் சேர்த்தார்கள், ஊசி போட்டார்கள், காய்ச்சல் இறங்கியது. கிடங்கு முழுக்க இனிப்புக் கொடுத்தார். சில மாதம் கழித்து ஒருநாள், சரக்கு ஏற்றிய பிறகும் வண்டியை எடுக்காமல் என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"என்னய்யா ராக்கெட், கிளம்பலையா?"

"முதலாளி, நேத்து எங்க வீட்டம்மா கையிலேருந்து இட்லிப் பானை மூடி நழுவி விழுந்துருச்சு. பக்கத்து வீட்டுக்காரங்ககூட என்ன சத்தம்னு ஓடி வந்துட்டாங்க. பாப்பா அங்கேயே பக்கத்துல படுத்து விரலைச் சப்பிக்கிட்டு இருந்துச்சு. திரும்பலை முதலாளி."

"தூங்கியிருக்கும்யா."

"கண்ணைத் தொறந்துக்கிட்டுதான் இருந்துச்சு."

செவி மருத்துவரிடம் கொண்டுபோனோம். சோதித்தார்கள். பழைய சீட்டுகளைப் பார்த்தார்கள். போட்ட ஊசியின் அளவு அந்தச் சின்ன உடம்புக்கு மீறியது, செவி நரம்பு அழிந்துவிட்டது, இனித் திரும்பாது என்றார்கள். ஊசி போட்ட செவிலியர் தவறு செய்தாரா? இல்லை. எழுதிக் கொடுத்த மருத்துவர் தவறு செய்தாரா? இல்லை. மருந்து கெட்டுப்போனதா? அது என் கிடங்குச் சரக்கு. நான் உத்தரவாதம் தருகிறேன், இல்லை. எல்லோரும் கையேட்டில் இருந்த அளவைத்தான் கொடுத்தார்கள். இம்மி பிசகாமல் கொடுத்தார்கள். அதனால்தான் அந்தக் குழந்தைக்குக் காது போனது!

நான் கையேட்டு அலுவலகத்துக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த அறை, கணினிக்குப் பின்னால் ஒரு தொகுப்பாளர். நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். இந்த ஊசிக்கு எத்தனையோ ஆய்வுகள் இருக்க, இந்த அளவை மட்டும் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"சார், நாங்க இஷ்டத்துக்கு எடுக்கலை. ஒரே விஷயத்துல நாலஞ்சு கட்டுரை வந்தா, எதுக்கு சைட்டேஷன் அதிகமோ அதை எடுப்போம். இந்தக் கட்டுரையை எல்லாரும் மேற்கோள் காட்டியிருக்காங்க. மத்ததெல்லாம் இதுக்குப் பக்கத்துலயே வர முடியாது."

மேற்கோள் என்றால் என்ன? ஒருவர் ஆய்வுக் கட்டுரை எழுதும்போது, முன்னால் எழுதியவர்களின் கட்டுரைகளைச் சுட்டிக் காட்டுவார். எத்தனை பேர் சுட்டினார்கள் என்று கணினி எண்ணும். எண்ணிக்கை ஏற ஏற அந்தக் கட்டுரைக்கு மதிப்பு. எழுதியவருக்குப் பதவி, பட்டம், மேடை. கேட்டால் நியாயமாகத்தானே இருக்கிறது? எனக்கும் அப்படித்தான் இருந்தது. தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் மகள் கல்லூரியில் நூலகர். சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, எத்தனை பேர் சுட்டினாங்கன்னு சொன்னாரே, என்னன்னு சொல்லிச் சுட்டினாங்கன்னு கேட்டீங்களா?"

"அது வேறயா?"

"உங்க கடைக்கு முன்னாடி பெரிய கூட்டம் நிக்குதுன்னு வைங்க. பாக்கிறவன் என்ன நினைப்பான்?"

"வியாபாரம் பிரமாதம்னு நினைப்பான்."

"எல்லாரும் சரக்கைத் திருப்பிக் குடுக்க வந்தவங்களா இருந்தா?"

என் தொழிலை வைத்தே என்னை மடக்கிவிட்டாள்! அன்றைக்கு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தவள், அந்தக் கட்டுரையைச் சுட்டிய மற்றக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்துச் சொன்னாள். "இந்த அளவு ஆபத்தானது" என்று ஒருவர் சுட்டியிருக்கிறார். "இதைப் பின்பற்றியதால் எங்கள் பிரிவில் குழந்தைகள் கேட்கும் திறனை இழந்தனர்" என்று இன்னொருவர். "இதை உடனே கைவிடுக" என்று வேறொருவர். பாராட்டியவர்களும் உண்டு. யார் என்று பார்த்தால், அதே ஆசிரியரும் அவருடைய மாணவர்களும். மற்றவர்கள் எல்லோரும் கூக்குரல் இட்டவர்கள்! எச்சரித்தவர்கள்! கணினிக்குக் கூக்குரலும் ஒன்று, கும்பிடும் ஒன்று. திட்டத் திட்ட அந்தக் கட்டுரை உயர்ந்தது. உயர உயரக் கையேட்டில் உறுதியாக உட்கார்ந்தது.

"ஏம்மா, அப்படின்னா இந்த ஊர்ல என்னைத் திட்டுறவங்களை எல்லாம் எண்ணினா நானும் பெரிய மனுஷன்தானா?" என்றேன்.

"அந்தக் கணக்குல உங்களை அடிச்சுக்க ஆளே இல்லைப்பா" என்றாள்.

இருவரும் சிரித்தோம். ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. அடுத்த கட்டுரையைத் திறந்ததும் அடங்கிவிட்டது.

சரி, முதன்முதலில் அபாயத்தைக் கண்டுபிடித்தவர் யார்? ஒரு பெண் மருத்துவர். செவிச் சிகிச்சை படித்தவர். குழு குழுவாகச் செய்த ஆய்வுகளில் காதுகளைச் சோதித்தவர் அவர்தான், அளவைக் குறைக்கச் சொன்னவரும் அவர்தான். ஆனால் அந்தத் துறையில் ஒரு வழக்கம்: பிரிவின் தலைவர் பெயர் முதலில், மற்றவர்கள் வரிசையாகப் பின்னால். இவர் பெயர் எப்போதும் கடைசி. எண்ணும் முறைக்கும் ஒரு வழக்கம்: முதல் பெயருக்கு மட்டுமே கணக்கு. ஆக, அத்தனை கட்டுரை எழுதியும், அத்தனை பேர் சுட்டியும், அவர் பெயருக்கு நேரே ஒன்றும் ஏறவில்லை. "இந்தத் துறையில் உங்களுக்குத் தடமே இல்லையே" என்று வேலையைப் புதுப்பிக்க மறுத்தார்கள். கையேட்டுக் குழு கருத்துக் கேட்ட நிபுணர்கள் வரிசையிலும் அவர் இல்லை. தவறானவரின் எண்ணிக்கையைக் கண்டனங்கள் ஏற்றின. சரியானவரின் எண்ணிக்கையைப் பெயர் வரிசை விழுங்கியது. இப்படி ஒப்பிட்டுத்தான் நம் பிள்ளைகளின் மருந்தளவை முடிவு செய்கிறோம்!

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். 'சுருக்கமாக' என்று எழுதியிருக்கிறது. சுருக்கிவிடுகிறேன் ஐயா. நீங்கள் நான்கு மாதம் முன்பு எனக்குச் சொன்ன பதிலும் சுருக்கம்தானே? மகள் படித்தெடுத்ததை எல்லாம் நேரில் கொண்டுவந்து கொடுத்தேன். "குழு கவனத்தில் கொள்ளும்" என்றீர்கள். கொண்டதா? புதிய அட்டை போட்டிருக்கிறீர்கள். புதிய முன்னுரை எழுதியிருக்கிறீர்கள். காய்ச்சல் ஊசிப் பக்கத்தில் அதே அளவு. எண்ணும் முறையை மாற்ற முடியாது, எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்று சற்றுமுன் காதோடு காதாகச் சொன்னீர்கள். எல்லா நாட்டிலும் குழந்தைகளுக்குக் காது இருக்கிறதே ஐயா!

யாரோ அங்கே, "வியாபாரிக்கு எதுக்கு ஆராய்ச்சி?" என்கிறீர்கள். சரியான கேள்வி. எனக்கு ஆராய்ச்சி தெரியாது. மேற்கோள்களை எண்ணவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. எண்ணுங்கள். எண்ணிய பிறகு படியுங்கள். ஆதரித்தவர்களை ஒரு பக்கம் வையுங்கள், மறுத்தவர்களை ஒரு பக்கம் வையுங்கள். தம்மைத் தாமே சுட்டிக்கொண்டதைத் தள்ளுங்கள். கடைசிப் பெயருக்கும் பங்கு கொடுங்கள். இதை நான் கண்டுபிடிக்கவில்லை; படித்த என் மகள் சொன்னாள், உங்களில் பலருக்கும் தெரியும். தெரிந்தும் செய்யவில்லை என்பதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. படிக்க நேரமாகும், எண்ணினால் நொடியில் முடிந்துவிடும் என்பதற்காக ஒரு குழந்தையின் உலகத்தையே ஊமையாக்கலாமா?

அதோ, வலது பக்க ஒலிபெருக்கிக்குக் கீழே தந்தையின் தோளில் அந்தக் குழந்தை தூங்குகிறது. நான் கத்துகிற கத்தலில் முன்வரிசைப் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அவள் தூங்குகிறாள்.

ஆகவே தலைவர் அவர்களே, முதல் பிரதிக்கு என் கை நீளாது. அந்தப் பக்கம் மாறும்வரை என் வண்டிகள் இந்தப் புத்தகத்தை ஏற்றாது. வேறு வண்டி பிடிப்பீர்கள், தெரியும். பிடியுங்கள். அந்த வண்டி போய்ச் சேருகிற ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அதற்கு முன்னால் நான் போய் நிற்பேன். எனக்கு நட்டம் வரும், பகை வரும், சிலர் சரக்கு எடுப்பதை நிறுத்துவார்கள். வரட்டும்.

செவிலியச் சகோதரிகளே, புதிய கையேட்டை விடுங்கள். பழையது உங்கள் மேசைமேல் இப்போதும் கிடக்கிறது. இன்றைக்குப் பணிக்குப் போகிறவர்கள் பச்சைக் குழந்தைக்கு அந்த ஊசியை ஏற்றும் முன் உங்கள் மருத்துவரைக் கூப்பிட்டு, "இந்த அளவு சரிதானா?" என்று ஒருமுறை கேளுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். என் பெயரைச் சொல்லுங்கள்.

இவ்வளவு கசப்பைக் காது கொடுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. அழைத்த குழுவினருக்கும் நன்றி. தலைவர் அவர்களே, ஒலிவாங்கியை உங்களிடம் தருகிறேன். அந்தப் பக்கத்தை மாற்றுவீர்களா, மாட்டீர்களா? ஒரு சொல் போதும். அதைக் கேட்கும்வரை நான் உட்காரப் போவதில்லை. இங்கேயே, உங்கள் பக்கத்திலேயே நிற்கிறேன். அனைவருக்கும் வணக்கம்.