மாடிப்படியை மட்டும் படமெடுத்தவர்

காலை 8.40க்குத் திருச்செங்கோட்டில் புறப்பட்ட நாமக்கல் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். சன்னலோரம் இருந்தவர் புதுவீடு கட்டியவர். மற்றவர் அவருடைய மனைவியின் தம்பி.

“ஊடு பூராவும் கண்ணாடியும் கான்கிரீட்டுமா நிக்குது மாப்ளே. அவன் மாடிப்படிய மட்டும் படம் புடிக்கறான்.”

“ஆருங்க மச்சான்?”

“புதுமாதிரிக் கட்டடமா தேடித்தேடிப் படம் எடுக்கறவனாம். படியோட நெழல் செவுத்துல அழகா உழுகுதாம். மூணு நாளா வாரான்.”

“நெழலுக்கு மூணு நாளாங்க?”

“அதான் கேக்கறேன். அந்தப் படி பொதுச்சந்துல ஒன்னரை அடி நீட்டிக்கிட்டு இருக்குது. எதுத்தூட்டுக்காரன் ஆதாரம் சேக்க அனுப்புன ஆளுன்னுதான் நெனச்சேன். நகராட்சில இடிக்கச் சொன்னா, மாடிக்கு ஏணி வெச்சா ஏறறது?”

“ஆளு ஆருன்னு விசாரிச்சீங்களா?”

“கார்டு குடுத்தான். கார்டு ஆரு வேணாலும் அடிக்கலாம். நேத்துச் சாயங்காலம் பச்சை வலை வாங்கியாந்து படிய மூடிப்போட்டேன்.”

“அப்பப் போயிருப்பானுங்க.”

“எங்க போறான்? இன்னிக்குக் காலைல ஆறு மணிக்கே வந்துட்டான். வலைக்குள்ள வெயில் பூந்து வாரது இன்னும் அழகாம். கழட்டிராதீங்கன்னு கெஞ்சறான்.”

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். “அப்ப நெசமாவே போட்டோக்காரன்தானுங்க. பயமில்ல.”

“அவன் நெசந்தான் மாப்ளே. இத்தன நாளா அந்தப் படியத் திரும்பியும் பாக்காத எதுத்தூட்டுக்காரன், எதுக்குடா மூடியிருக்கான்னு டேப்பு எடுத்தாந்து சந்த அளந்துக்கிட்டு நிக்கறான்.”