இடது பல் ஒரு மயிரிழை அகலம்

முன்பற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அடைப்பது நாற்பது நிமிஷ வேலை. வலிக்காது, ஊசி கிடையாது, பல்லை ராவ வேண்டியதுகூட இல்லை. பாண்டிங் என்போம். பல்லின் ஓரத்தை ஒரு நீலக் களிம்பால் கொஞ்சம் சொரசொரப்பாக்கி, கழுவி உலர்த்தி, பல் நிறப் பசையை வைத்து விளக்கைக் காட்டினால் இருபது விநாடியில் கல்லாகிவிடும். பிறகு செதுக்கல், மெருகு. சுவரில் விரிசல் பூசுகிற கொத்தனாருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் நின்றுகொண்டு செய்கிறார், நான் உட்கார்ந்துகொண்டு செய்கிறேன்.

இன்ஸ்பெக்டர் மேடம், எல்லாவற்றையும் என் கைப்படவே எழுதித் தரச் சொன்னீர்கள். டாக்டர் கையெழுத்தாயிற்றே என்று பயப்பட வேண்டாம், பல் டாக்டர்கள் ஓரளவு புரியும்படிதான் எழுதுவோம். நேற்று பழைய கோப்பிலிருந்து ஒரு பல்வரிசையின் புகைப்படத்தைக் காட்டினீர்கள். பாண்டிங் செய்த பற்கள், தேர்ந்த கை என்று உங்கள் துறையின் பல் நிபுணர் ஓரத்தில் குறித்திருந்தார். இது யார் கை என்று கேட்டீர்கள். முப்பது வருஷத்தில் என் வேலையை இன்னொரு பல் டாக்டர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அந்த நிலையிலும் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்படிப்பட்ட ஆள் நான். அதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

என் மனைவி முதன்முதலில் என்னிடம் வந்தது நோயாளியாக. முன்பற்களுக்கு நடுவே ஒரு நெல்மணி போகிற இடைவெளி, அதை அடைக்க வேண்டும் என்றாள். நான் மாட்டேன் என்றேன். இதை அடைத்தால் இந்தச் சிரிப்பு யாருடையதாகவும் ஆகிவிடும், இப்போது உங்களுடையதாக இருக்கிறது என்றேன். புது டாக்டர், வேறு ஆளும் வரிசையில் இல்லை, பேச நேரம் இருந்தது. அவள் சிரித்தாள். அடுத்த வருஷம் கல்யாணம்.

மகளுக்கு ஏழு வயதில் பால்பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைத்தபோது அதே இடைவெளி வந்தது. தாயும் மகளும் கண்ணாடி முன் நின்று ஈறு தெரிய இளித்துப் பார்த்துக்கொள்வார்கள். அப்படி ஒரு நாள் மனைவி என்னிடம் சொன்னாள்: "மூக்கு உங்களுது, நெறம் உங்களுது, பிடிவாதமும் உங்களுது. என்கிட்டருந்து அவ எடுத்துக்கிட்டது இது ஒண்ணுதாங்க. இதுல மட்டும் கைய வெச்சிடாதீங்க." வைக்க மாட்டேன் என்றேன்.

கை வைக்கவில்லை. வாய் வைத்தேன். மகளுக்கு நான் வைத்த பெயர் ஜன்னல். "ஜன்னலைச் சாத்து, தூசி போவுது" என்பேன். தண்ணீர் குடித்தால், மழை வந்துவிட்டது துணியை எடுங்கள் என்பேன். பள்ளிக்கூடக் குழுப் படத்தில் அவளைக் கண்டுபிடிப்பது சுலபம், நடுவில் வெளிச்சம் தெரியும் என்பேன். பன்னிரண்டு வயதுவரை கூடவே சிரித்தாள். அப்புறம் உதட்டை மூடிக்கொண்டு சிரித்தாள். பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

இருபத்திரண்டு வயதில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு நாள் கூட வேலை செய்கிற நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். காபித் தட்டை நீட்டிக்கொண்டே, "இவளை ஏசி பக்கத்துல உக்கார வெக்காதீங்கப்பா, ஜன்னல் தொறந்திருக்கு, குளிரெல்லாம் வெளியே போயிடும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, க்ளினிக்கை நான் தனியாக ஒழுங்கு செய்துகொண்டிருந்தபோது, தோளில் பையோடு வந்து நாற்காலியில் தானாகவே சாய்ந்துகொண்டாள். வெளியூர்க் கிளையில் ஒரு வாரம் ஆள் தேவையாம், அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பியாயிற்று, போகிற வழியில் வந்தேன் என்றாள்.

"அடைச்சு விடுங்கப்பா."

"அம்மா என்னைத் தொலைச்சுடுவா."

"அம்மாவுக்கு அது அழகு. எனக்கு அது ஜோக்."

அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். நாற்பது நிமிஷ வேலைக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலை அது. ஒரே குறை, மெருகு போடும்போது பார்த்தேன், இடது பல் வலதைவிட ஒரு மயிரிழை அகலமாக வந்துவிட்டது. அடுத்த தடவை வரும்போது சரி செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கைக்கண்ணாடியைக் கொடுத்தேன். இடைவெளி இருந்த இடத்தை நாக்கால் தேடினாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "இப்பதான் லட்சணமா இருக்கே" என்றேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "அப்ப இத்தனை வருஷம்?"

கருவிகளைத் தட்டில் அடுக்குகிற வேலை எனக்கு அப்போது அவசரமாக வந்துவிட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டாள். "நீங்க அம்மாகிட்ட சொல்லுங்கப்பா. சொன்னப்புறம் என்னைக் கூப்பிடுங்க, வர்றேன். நானா போய் அவங்க முன்னாடி வாயைத் தொறக்க என்னால முடியாது."

திங்கட்கிழமை மனைவிக்குத் தலைவலி. செவ்வாய்க்கிழமை தையல் மிஷினில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள், கெடுப்பானேன் என்று விட்டேன். புதன்கிழமை எனக்கு ஒரு கடைவாய்ப்பல் சரியாக வரவில்லை, மனசு சரியில்லை. மகள் தினமும் மத்தியானம் க்ளினிக்குக்குப் போன் செய்து, சொல்லியாயிற்றா என்பாள். சாயந்திரம் சொல்லிவிடுகிறேன் என்பேன். ஒவ்வொரு நாளும் அதை நம்பித்தான் சொன்னேன்.

சனிக்கிழமை அந்த ஊரிலிருந்து வந்த பேருந்து பாலத்துச் சுவரை உடைத்துக்கொண்டு கால்வாயில் விழுந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. மகள் பையோடு பேருந்து நிலையத்துக்குப் போனதாக அவள் தங்கியிருந்த விடுதியின் காவலாளி சொன்னார். எந்தப் பேருந்து என்று அவருக்குத் தெரியவில்லை. இறந்தவர்களில் அவள் இல்லை, பிழைத்தவர்களிலும் இல்லை. என் மனைவி அந்த நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பதினெட்டாம் நாள் மதகில் ஒரு பெண் கிடைத்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்த உங்கள் துறைக்காரர் நல்ல மனிதர். முகத்தைப் பார்க்க வேண்டாம் அம்மா என்று சொல்லி, வாய் மட்டும் தெரியும்படி துணியை மடித்து விட்டார். உடை மகள் அந்த ஊரில் புதிதாக வாங்கியதாக இருக்க வேண்டும், எங்களுக்குத் தெரியாதது. மனைவி குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

"இது எம்பொண்ணு இல்லீங்க. எம்பொண்ணுக்கு நடுவுல இடைவெளி இருக்கும்." அவருக்குப் புரிய வேண்டுமே என்று தன் உதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள். "இந்த மாதிரி."

பிறகு நான் குனிந்தேன். இரண்டு பற்களும் சாத்திய கதவு மாதிரி ஒட்டி நின்றன. ஓரத்தில் பசையும் பல்லும் சேருகிற கோடு. அது பூசியவன் கண்ணுக்கு மட்டும் தெரியும். இடது பல் ஒரு மயிரிழை அகலம்.

"நீங்க சொல்லுங்க டாக்டர்" என்றார் அவர்.

இல்லை என்றேன்.

எதற்கும் எங்கள் இருவரின் ரத்தத்தை எடுத்து ஒப்பிட்டுவிடலாம் என்றார். அது தேவைப்படாது என்று விளக்கினேன். இந்த வயதில் இவ்வளவு பெரிய இடைவெளி பதினெட்டு நாளில் தானாக மூடிக்கொள்ளாது என்றேன். அந்த வாக்கியத்தைப் பின்னால் பலமுறை புரட்டிப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. அதையே என் லெட்டர்ஹெட்டில் எழுதி முத்திரை வைத்துத் தரச் சொன்னார், கொடுத்தேன். மகளின் பல் சிகிச்சைக் கார்டையும் கேட்டார். கார்டில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் வரி இருந்தது. அதனால் ஏழு வயதிலிருந்து எல்லாவற்றையும் புதுக் கார்டில் எழுதினேன், கடைசி வரியை விட்டுவிட்டு. ஒரே நாளில் எழுதியது போல் தெரியக் கூடாதென்று நாலு பேனா மாற்றினேன். விழுந்த பால்பற்களின் தேதிகளை எழுதும்போது மட்டும் கொஞ்சம் நேரமாயிற்று.

வெளியே வந்ததும் மனைவி டீக்கடையில் இரண்டு கிளாஸ் டீ குடித்தாள். ஒரு பன் வாங்கி முழுவதும் சாப்பிட்டாள். பதினெட்டு நாளில் அவள் உருப்படியாகச் சாப்பிட்டது அதுதான். திரும்பும் வழியில் ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. நீங்களே சொல்லுங்கள் மேடம், அந்தத் தூக்கத்தை யாருக்குக் கலைக்க மனசு வரும்? அவளுக்கு ஒரு நம்பிக்கையைக் கொடுத்தேன். வேறு எதைக் கொடுக்க என்னால் முடியும்?

அந்தப் பெண்ணை ஒரு எண் போட்டுப் புதைத்தார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூடத்தில் இலவசப் பல் முகாம் என்று வீட்டில் சொல்லிவிட்டு அங்கே போகிறேன். மனைவி சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். திரும்பி வந்தால் எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்பாள். கூட்டமே இல்லை, ஒரே ஒரு ஆள்தான் என்பேன். ஒரு ஆளுக்காக இவ்வளவு தூரம் போகிறீர்களே என்று அவளுக்கு என்மேல் மதிப்பு.

வருஷா வருஷம் அவள் 'காணவில்லை' நோட்டீஸ் அடிக்கிறாள். அடையாளம், மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி. எழுத்துப் பிழை பார்ப்பது நான்தான். மகள் வேலைக்குப் போன அந்த ஊரில் ஒட்டுகிற பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன். அங்கே ஒன்றுகூட ஒட்டியதில்லை. அந்தக் கிளைக்காரர்களுக்கு அவளை மூடிய பற்களோடுதான் தெரியும். நோட்டீஸைப் பார்த்தால், இது தப்பாயிற்றே என்று யாராவது சொல்லிவிடுவார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. விபத்தில் மகளின் முகம் மாறியிருக்கலாம், பல் மாறாது என்று மனைவி தேடுகிறாள். தெருவில் போகிற பெண்களின் பல்லை எப்படிப் பார்ப்பது? வாயைத் திறந்து சிரித்தால்தானே தெரியும். அதனால் என் மனைவி ஜோக் சொல்லக் கற்றுக்கொண்டாள். ஒரு ஜோக்கை முடிக்கத் தெரியாத மனுஷி அவள், கடைசி வரியை முதலில் சொல்லிவிடுவாள். இப்போது பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாத பெண்களின் பக்கத்தில் போய் நின்று என் ஜோக்குகளைச் சொல்கிறாள். அவர்கள் சிரிக்கும்போது வாயைப் பார்க்கிறாள். பிறகு, சரிம்மா பார்த்துப் போ என்று சொல்லிவிட்டு அடுத்த பெண்ணிடம் நகர்கிறாள். காலையில் கிளம்பும்போது, "பழசு தீந்துபோச்சுங்க, புதுசா ஒண்ணு சொல்லுங்க" என்பாள். நானும் சொல்லி அனுப்புகிறேன். நாலு வருஷமாக.

இதையெல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன். இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று நான் வாயால் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்து போகும்போது நீங்கள் இன்னொன்று கேட்டீர்கள். அம்மாவிடம் சொன்னபிறகு கூப்பிடுங்கள், வருகிறேன் என்று சொன்ன பெண், யாரும் கூப்பிடாமல் அந்தப் பேருந்தில் ஏன் ஏறினாள்?

நான் கூப்பிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம், அவள் போன் செய்வதற்கு முன்னால் நானே போன் செய்தேன். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார், நான் அவசரத்தில் இருந்தேன். "சொல்லிட்டேம்மா. அம்மா ஒண்ணும் சொல்லல, சிரிச்சா. ஒடனே கெளம்பி வரச் சொன்னா" என்றேன். பேருந்துக்கு மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டால் அது பொய்யாக இருக்காது என்று கணக்குப் போட்டேன்.

"நெஜமாவே சிரிச்சாங்களாப்பா?"

"ரெண்டு தடவை."

அவள் சிரித்தது போனில் கேட்டது. வாயைத் திறந்து சிரிக்கிற சத்தம். பத்து வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான் கேட்டேன். அன்று வீட்டுக்குப் போனபோது மனைவி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இறங்கி வரட்டும் என்று இருந்தேன். இறங்கி வந்தாள். டீ குடிக்கட்டும் என்று இருந்தேன்.

துணிக்கடியில் இருந்தது என் மகள்தான். பல்லைப் பார்த்த நொடியிலேயே தெரியும். ஆமாம் என்று சொல்லியிருந்தால், அந்தப் பல்லை மூடியது யார், ஏன் மறைத்தாய், வரச் சொன்னது யார் என்று அடுத்தடுத்து கேள்வி வந்திருக்கும். அதற்காக என் பெண்ணை ஒரு எண்ணாகப் புதைக்கவிட்டேன். பொய்க் கார்டு எழுதியதும் பொய்ச் சான்றிதழ் கொடுத்ததும் நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஒரு வேண்டுகோள் மேடம். நாளைக்கு என் மனைவியைக் கூப்பிட்டு அனுப்பப்போவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். இப்படிப்பட்ட விஷயத்தை அவள் வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது. இன்று சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் நானே சொல்லிவிடுகிறேன்.