விற்ற பிறகு

காலை பத்து மணிக்கு வடக்கனந்தலில் கள்ளக்குறிச்சி பஸ் ஏறினேன். முன் சீட்டில் ஒருவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி. எனக்கு ஷேர் பற்றித் தெரியாது. காதில் விழுந்ததைச் சொல்கிறேன்.

"ஷேரு எல்லாத்தயும் வித்துடப் போறேன் மச்சான். நாலு நாளா சோறு எறங்கல."

"பொண்ண நர்சிங் சேக்க வச்சிருந்த பணம் மாமா அது. நட்டத்துலயா விப்ப?"

"தெனம் வுழுந்துக்கினே போவுதே!"

"மரவள்ளிக்கும்தான் வெல இல்ல. மூணு மாசமா புடுங்காம வுட்டு வச்சிக்கினு கீற. இதுக்கு மட்டும் இன்னா அவசரம்?"

"கெழங்கு மண்ணுக்குள்ள கம்முனு கீது. இந்தப் போனு மாதிரி நிமிசத்துக்கு நிமிசம் நட்டத்த செவப்புல காட்டுதா?"

சொல்லிக்கொண்டே போனை அழுத்தினார். விற்றுவிட்டார். பெருமூச்சு விட்டு, பையிலிருந்த வேர்க்கடலையைத் தின்ன ஆரம்பித்தார்.

மச்சான் மெதுவாகக் கேட்டார். "நாளைக்கே ஏறிடுச்சின்னா?"

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. மறுபடியும் போனை எடுத்தார்.

"வாயக் கழுவு. இனிமே அது எறங்கணும் மச்சான். நல்லா எறங்கணும்."