விற்ற பிறகும் வைத்திருந்த பாட்டு

டீயில் சர்க்கரை தூக்கல் மேடம். பரவாயில்லை, குடிக்கிறேன். வாக்குமூலத்தில் தமிழ்மதி மேல் இருந்த கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கோபம் உண்டு, இப்போதும் வயிறு எரிகிறது. அதெல்லாம் அந்த ரஃபீக் மேல்.

வேடசந்தூரில் எனக்குப் பேட்டரிக் கடை. டிராக்டர், லாரி, மில் பஸ் எல்லாம் என்னிடம்தான் வரும். பழைய பேட்டரியைக் கொடுத்தால் புதுசுக்கு விலை குறைப்பேன். கொடுத்த பிறகு அந்தப் பழசு என்னுடையது. அதை வைத்துக் கொடுத்தவர் வீட்டில் விளக்கு எரிக்க முடியுமா? முடியாது. ஒரு பொருளுக்கு ஒரு சொந்தக்காரன்தான். எனக்குத் தெரிந்த வியாபாரம் அதுதான்.

தமிழ்மதி என் மனைவி. கல்யாணத்துக்கு முன்னால் திண்டுக்கல்லில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடினாள். ஒரு மில் முதலாளி தன் மகள் கல்யாணத்துக்காக அந்தக் குழுவைப் பாடவைத்து, சி.டி. டிஸ்க் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலப் பையில் தேங்காயோடு போட்டுக் கொடுத்துவிட்டார். கடைசிப் பாட்டு முடிகிற இடத்தில் மைக் கீச்சென்று கத்தும். இவள் சிரித்துவிடுவாள். அதைக்கூட வெட்டாமல் விட்டிருந்தார்கள். கண்டவன் வீட்டிலெல்லாம் என் பெண்டாட்டி சிரித்துக்கொண்டிருந்தால் எனக்கு எப்படி மேடம் தூக்கம் வரும்?

கல்யாணமானதும் இனிமேல் பாட வேண்டாம் என்றேன். சரி என்றாள். கை நீட்டியதில்லை, அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது யார் டிஸ்க் போட்டுக் கேட்கிறார்கள்? எல்லாம் பழைய சாமானோடு போய், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் முகமது ரஃபீக் கடையில் சேர்ந்தது. பழைய பாட்டு டிஸ்க்குகளை வாங்கி விற்கிற ஆள். அந்தக் கல்யாண டிஸ்க் எப்போது வந்தாலும் எனக்குத்தான் என்று சொல்லி வைத்தேன். பேரம் பேசாமல் வாங்கி வந்து கடைக்குப் பின்னால் சுத்தியலால் உடைப்பேன். நான் பெரிய ரசிகன் என்று அவனுக்கு நினைப்பு.

போன வாரம், வேலையாட்களோடு வந்து நின்ற ஒரு மில் பஸ்ஸுக்குப் பேட்டரி மாட்டி முடித்தேன். டிரைவர் பாட்டைப் போட்டார். அவள் குரல். முடிவில் அதே கீச்சு, அதே சிரிப்பு. உள்ளே இருந்த ஒருத்தன் அந்தச் சிரிப்பை அப்படியே சிரித்துக் காட்டினான். பஸ்ஸே சிரித்தது. பாட்டு ஏது என்று கேட்டேன். ரஃபீக் பாய் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தது என்றார் டிரைவர்.

நேரே ரஃபீக் கடைக்குப் போனேன். அந்த ஆளுக்குத் துளி வெட்கம் கிடையாது மேடம்.

"ஏண்ணே, காப்பி எடுக்காம எவன்ணே டிஸ்க்க விப்பான்? ஓடுதா இல்லையான்னு போட்டுப் பாப்பேன், அப்படியே ஏத்திக்கிருவேன். டிஸ்க்கு ஒங்களுக்கு, பாட்டு எனக்கு. இதுல ஒங்களுக்கு என்ன நட்டம்?"

என்ன நட்டமாம்! விற்றுவிட்டு வைத்துக்கொண்டால் அதற்குப் பேர் திருட்டு இல்லையா? இங்கே வந்து புகார் கொடுத்திருந்தால் நீங்களும் சிரித்துத்தான் அனுப்பியிருப்பீர்கள். அவன் கம்ப்யூட்டரைத் தரையில் போட்டு மிதித்தேன். அதற்கு வேண்டுமானால் நஷ்டஈடு தருகிறேன். ஆனால் மிதிக்கும்போதே தெரிந்துவிட்டது. ஊரில் ஓடுகிற பஸ்ஸில் எல்லாம் ஏறிப் பென்டிரைவைப் பிடுங்க என்னால் ஆகாது.

வீட்டுக்கு வந்து தமிழ்மதியிடம் சொன்னேன். பதறுவாள் என்று நினைத்தேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நெசமாவா? பஸ்ஸுலயா? ஏங்க, நல்லாருக்குன்னு சொன்னாங்களா?"

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். செத்த நேரம் நின்று பார்த்துவிட்டு மறுபடி பாத்திரத்தை எடுத்தாள். தண்ணீர் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்து, அந்தப் பாட்டை மெல்லப் பாடினாள். இத்தனை வருஷத்தில் ஒரு வரிகூட மறக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் உடைத்ததெல்லாம் காப்பி. அசல் என் வீட்டு அடுப்படியில் நிற்கிறது. அது இருக்கிறவரை காப்பி வந்துகொண்டேதான் இருக்கும்.

மறுநாள் மத்தியானம் நானே மோர் கலக்கிக் கொடுத்தேன். என்றைக்கும் இல்லாத கரிசனம் என்று கேலி பண்ணிவிட்டுத்தான் வாங்கிக் குடித்தாள். அதில் ஊற்றியது என் கடையில் பேட்டரிக்கு ஊற்றுகிற ஆசிட்தான், ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருப்பார்களே. உயிருக்கு ஆபத்தில்லையாம். குரல் மட்டும் இனி வராதாம். எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

ரஃபீக் மேல் ஒரு கேஸ் போடுங்கள். அப்புறம், நீங்கள் வாங்கி வைத்திருக்கும் என் செல்போனில் எதையும் அழித்துவிட வேண்டாம். முதல் டிஸ்க்கை உடைப்பதற்கு முன்னால் அதிலிருந்த பாட்டை ஏற்றி வைத்திருக்கிறேன். தினமும் ஷட்டரை இறக்கிவிட்டு, கடைசியில் அவள் சிரிக்கிற இடத்தை மட்டும் கேட்பேன். வீட்டில் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. அது எப்படித் திருட்டாகும் மேடம், நான் அவள் புருஷன்.